‘சர்லி’: சிடுமூஞ்சிக்குள் ஒரு ‘சார்’ (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்களில் ஒன்று ‘சர்லி’. எஸ், யு, ஆர், எல், ஒய் என்று ஐந்தே எழுத்து. ‘சிடுசிடுப்பான’ என்று பொருள் எழுதி வைத்துக்கொள்கிறோம். அதை அப்படியே வாக்கியத்தில் போட்டால் பாதி இடங்களில் ஒட்டுவதில்லை. ஏன் ஒட்டவில்லை என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றை, வந்த கேள்விகளையே வரிசையாக வைத்து எழுதுகிறேன்.

‘சர்லி’ என்றால் என்ன பொருள்?

முகங்கொடுத்துப் பேசாத, எரிச்சலோடும் மரியாதைக்குறைவோடும் நடந்துகொள்கிற என்பது இன்றைய பொருள். ஓர் ஆளைச் சொல்லலாம். அவருடைய முகத்தை, பதிலை, அன்றைய மனநிலையைச் சொல்லலாம்.

இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் பிழை வருகிறது. கோபக்காரர் கத்துவார், கொஞ்ச நேரத்தில் தணிந்து “சாப்பிட்டியா?” என்று கேட்பார். சர்லியான ஆள் கத்துவதே இல்லை. கேட்டதற்கு அரை வார்த்தையில் பதில் வரும், அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. எதிரே நிற்பவருக்குச் சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய முகமலர்ச்சியைத் தராமல் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இந்தச் சொல்லின் மையம்.

எனக்கு இது புரிந்தது ஓர் அலுவலக வரிசையில். அம்மாவுக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தோம். கம்பி போட்ட ஜன்னலுக்குள் ஒருவர். அம்மா படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சார், இதை எங்க குடுக்கணும் சார்?” என்று கேட்டார். அவர் தலையைத் தூக்கவில்லை. பேனாவால் சுவரைக் காட்டி, “எழுதியிருக்குல்ல?” என்றார். சுவரில் இருந்த காகிதத்தில் பாதி கிழிந்திருந்தது. அம்மா “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த மனிதர் கோபப்படவில்லை, திட்டவில்லை. ஆனால் ‘சர்லி’ என்ற சொல்லை இதைவிடத் துல்லியமாக நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சியில் அம்மா வாயில் மூன்று முறை வந்த ‘சார்’தான் இந்தச் சொல்லின் வேர் என்பது பிறகுதான் தெரிந்தது.

எப்படி உச்சரிக்க வேண்டும்?

‘சர்’ என்பதைக் கொஞ்சம் நீட்டி, ‘சர்-லி’. ‘நிச்சயமாக’ என்று பொருள்படும் ‘ஷூர்லி’ வேறு சொல். அதில் நடுவே ஓர் ‘இ’ எழுத்து கூடுதலாக இருக்கும். தட்டச்சில் அந்த ஓர் எழுத்து விழுந்துவிட்டால் “நிச்சயமாக வருவார்” என்பது “சிடுசிடுவென்று வருவார்” ஆகிவிடும். எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருளும் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

‘சர்’ என்ற பட்டத்திலிருந்து. அரசர் முன்னால் மண்டியிட்டு, தோளில் வாள் தொட்டு வாங்கும் அதே ‘சர்’. அதோடு ‘லி’ என்ற ஈறு சேர்ந்திருக்கிறது. இந்த ஈறு ‘போன்ற’, ‘தன்மையுள்ள’ என்று பொருள் தருவது. நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ உடன் சேர்ந்து ‘ஃப்ரெண்ட்லி’ ஆவது போல, ‘சர்’ உடன் சேர்ந்து ‘சர்லி’. பிரபு போன்ற, பிரபுத் தோரணையுள்ள என்பதுதான் முதல் பொருள்.

தொடக்கத்தில் இதை ‘ஐ’ என்ற உயிரெழுத்தைப் போட்டு, ‘சர்’ பட்டத்தை எழுதுவது போலவே எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடத்தில் ‘யு’ வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் வரும் ‘ஐ’, ‘யு’ எழுத்துகளின் ஒலிகள் மெல்ல ஒன்றாகிக்கொண்டிருந்த காலம் அது. ஊசியிலை மரத்தைக் குறிக்கும் ‘ஃபர்’, விலங்கின் மென்மயிரைக் குறிக்கும் ‘ஃபர்’ இரண்டும் இன்று காதுக்கு ஒன்றே; எழுத்தில்தான் வேறு. அப்படி ஓர் எழுத்து மாறியதால், சொல்லுக்குள் இருந்த பிரபு கண்ணுக்குத் தெரியாமல் போனார்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு சொல்லுக்கு நடந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மாட்டின் பின்முதுகுப் பகுதி இறைச்சிக்கு ‘சர்லாய்ன்’ என்று பெயர். ‘மேலே’ என்று பொருள்படும் பிரெஞ்சு ‘சுர்’ அதில் இருக்கிறது. இடுப்புக்கு மேலுள்ள பகுதி. அதை ‘யு’ போட்டு எழுதுவதுதான் நியாயம். ஆனால் யாரோ ஓர் அரசர் இறைச்சியின் சுவையில் மயங்கி அதற்கே ‘சர்’ பட்டம் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை கிளம்பியது. எட்டாம் ஹென்றி என்றும், முதலாம் ஜேம்ஸ் என்றும், இரண்டாம் சார்லஸ் என்றும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கதை பொய். எழுத்து மட்டும் ‘சர்’ பட்டத்தின் எழுத்தாக நிலைத்துவிட்டது. ஆக, பட்டம் உள்ளே இருக்கிற சொல்லில் பட்டத்தின் எழுத்து இல்லை. பட்டமே இல்லாத இறைச்சிக்கு அந்த எழுத்து கிடைத்திருக்கிறது.

‘சர்’ என்பதற்கே மூலம் என்ன?

‘சைர்’ என்ற பழைய சொல்லின் சுருங்கிய வடிவம். அது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘சீனியர்’ வரை போகிறது. ‘மூத்தவர்’ என்று பொருள். அலுவலகத்தில் நாம் சொல்லும் சீனியர், ஸ்பானிய ‘செஞோர்’, இத்தாலிய ‘சின்யோர்’, பிரெஞ்சு ‘மெஸ்யூ’வின் பிற்பாதி எல்லாம் ஒரே குடும்பம். அமெரிக்க, கனடிய ‘செனட்’ கூட முதியோர் அவை என்ற பொருளில் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

வயதுக்குக் கொடுத்த மரியாதை பதவிக்குப் போய், பதவியிலிருந்து தோரணைக்குப் போய், தோரணையிலிருந்து சிடுமூஞ்சியில் வந்து முடிந்திருக்கிறது.

அப்படியானால் நாம் சொல்லும் ‘சார்’?

அதே சொல்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வாத்தியார், பேருந்து நடத்துநர், பக்கத்து வீட்டுக்காரர், முன்பின் தெரியாதவர் எல்லாரும் நமக்குச் ‘சார்’. இங்கிலாந்தில் பட்டம் பெற்றவரின் பெயருக்கு முன்னால் நிற்கும். நாம் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். நெல்லைப் பக்கம் ஒரு படி மேலே போய் வாத்தியாரைச் ‘சார்வாள்’ என்றும் அழைப்பார்கள்.

நல்ல பொருள் எப்படிக் கெட்ட பொருளானது?

ஒரே நாளில் ஆகவில்லை. நடுவில் ஒரு நீண்ட காலம், சொல் இரண்டு பக்கமும் சாய்ந்தபடி நின்றது. அந்த நடுக்காலம்தான் இதில் எனக்கு மிக ருசியான பகுதி.

1579இல் வெளியான எட்மண்ட் ஸ்பென்சரின் ஆயர் பாடல் தொகுப்பில், பிரபுக்களைப் போல மிதப்பாகத் திரியும் ஆயர்களுக்கு இந்தச் சொல் அடைமொழியாக வருகிறது. அங்கே சிடுசிடுப்பு இன்னும் சேரவில்லை, செருக்கு சேர்ந்துவிட்டது.

அடுத்து ஷேக்ஸ்பியர். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசர் கொல்லப்படுவதற்கு முந்தைய புயல் இரவில், காஸ்கா ஒரு சிங்கத்தைக் கண்டதாகச் சொல்கிறான். அது அவனை உற்றுப் பார்த்துவிட்டு, ‘சர்லி’யாக அவனைக் கடந்து போனது, அவனை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சிங்கம் ராஜநடை போட்டதா, உர்ரென்று போனதா? இரண்டு பொருளும் அங்கே பொருந்துகின்றன. ‘உன்னையெல்லாம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை’ என்று போகும் நடை அது.

அதைவிடத் தெளிவான இடம் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் இருக்கிறது. 1602 பிப்ரவரி 2ஆம் தேதி லண்டனின் மிடில் டெம்பிள் மண்டபத்தில் அது நடிக்கப்பட்டதற்குப் பதிவு உண்டு. மால்வோலியோ என்பவன் ஒலிவியா என்ற சீமாட்டியின் வீட்டு மேலாளன், அதாவது வேலைக்காரர்களுக்குத் தலைவன், ஆனால் அவனும் வேலைக்காரனே. தோட்டத்தில் தனியாக நடந்தபடி கனவு காண்கிறான்: சீமாட்டியை மணந்து தான் பிரபு ஆகிவிட்டதாக, அலங்கார அங்கி போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதாக, அவளுடைய உறவினர் டோபி வந்து தன் முன்னால் பணிந்து நிற்பதாக. அப்போது தான் கையை எப்படி நீட்டுவேன் என்று நடித்தே பார்க்கிறான். வழக்கமான புன்னகையை அணைத்துவிட்டு அதிகாரப் பார்வை ஒன்றை முகத்தில் வைத்துக்கொள்வேன் என்கிறான். விளக்கை அணைப்பது போலப் புன்னகையை அணைப்பது!

சற்று நேரத்தில் அவன் கையில் ஒரு கடிதம் கிடைக்கிறது. சீமாட்டி எழுதியது போல, அவளுடைய கையெழுத்தைப் பார்த்து மரியா என்ற பணிப்பெண் போட்ட போலிக் கடிதம். அதில் அவனுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் ஒன்று: உறவினரோடு முரண்டு பிடி, வேலைக்காரர்களிடம் ‘சர்லி’யாக இரு.

பெரிய மனிதன் ஆக வேண்டுமானால் கீழே இருப்பவர்களிடம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள் என்பதுதான் யோசனை. பிரபுத்தனமும் சிடுசிடுப்பும் அந்த ஒரு சொல்லுக்குள் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. மால்வோலியோவுக்கு அது பெருமை. பார்க்கிற நமக்கு அது அசிங்கம். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பார்க்கிறவர்களின் பொருளே வென்றுவிட்டது. 1610இல் வந்த பென் ஜான்சனின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ நாடகத்தில், ரசவாதிகளின் ஏமாற்று வேலையை நம்ப மறுக்கும் ஒரு சூதாடிக்குச் ‘சர்லி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்.

‘சர்’ என்ற சொல்லுக்கு இப்படித் தரம் இறங்கிய இன்னொரு பிள்ளையும் உண்டு. ‘சிரா’ என்று, வேலைக்காரனையோ சின்னப் பையனையோ “ஏய்” என்று கூப்பிடுவதற்கு 16ஆம் நூற்றாண்டில் அதைப் பயன்படுத்தினார்கள்.

புளிப்பைக் குறிக்கும் ‘சவர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததில்லையா?

இல்லை. ‘சவர்’ உடன் ‘லி’ சேர்ந்த சொல் தனியாக இருக்கிறது. புளித்த முகம், சிடுத்த முகம் என்று பொருள் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம்.

வேறு மொழிகளில் இப்படி நடந்திருக்கிறதா?

ஜெர்மன் மொழியில் ‘ஹெர்’ என்றால் ஐயா, எஜமான். அதிலிருந்து வந்த ‘ஹெரிஷ்’ என்றால் அதட்டி ஆள்கிற, ஆணவமான. தமிழில் ‘துரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கும் தோட்ட முதலாளிக்கும் மரியாதையாகச் சொன்ன சொல். 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் ‘துரைத்தனம்’ என்றால் அரசாங்கம். இன்றைக்கு வீட்டில் ஒரு பையன் தட்டைக் கழுவாமல் எழுந்து போனால், “பெரிய துரை, தட்டை எடுக்க மாட்டாரு” என்கிறோம். பட்டம் வசவாக மாறும் பாதை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஆனாலும் துரைத்தனத்தில் சிடுசிடுப்பு கட்டாயமில்லை, சிரித்துக்கொண்டே துரைத்தனம் பண்ணலாம். சர்லியில் சிரிப்புக்கு இடமில்லை. அதனால் ஒன்றுக்கு ஒன்றாகப் பெயர்க்க முடியாது.

‘சர்லிஷ்’ என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை, அது ‘ச்சர்லிஷ்’ என்று எழுத வேண்டிய சொல். ‘ச்சர்ச்’ என்பதில் வரும் வல்லின ‘ச்ச’ அதன் முதல் ஒலி. பொருள் கிட்டத்தட்ட ஒன்று: முரட்டுத்தனமான, நாகரிகமற்ற. பிறப்போ நேர் எதிர்.

பழைய ஆங்கிலத்தில் ‘ச்செயோர்ல்’ என்றால் அடிமையும் அல்லாத பிரபுவும் அல்லாத சாதாரணக் குடியானவன். வெஸ்ஸெக்ஸ் நாட்டுச் சட்டத்தில் ஒருவனைக் கொன்றால் அவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டிருந்தது: பிரபு வகையினருக்கு 1,200 ஷில்லிங், குடியானவனுக்கு 200. ஆறில் ஒரு பங்கு உயிர். அந்தக் குடியானவன் பெயரிலிருந்துதான் ‘நாகரிகமற்ற’ என்ற வசவு வந்தது. அவன் ஒருவன் மட்டுமல்ல. பண்ணையில் வேலை செய்தவனைக் குறித்த லத்தீன் ‘வில்லானுஸ்’தான் இன்றைய ‘வில்லன்’. டச்சு மொழியில் விவசாயியைக் குறிக்கும் ‘பூர்’ ஆங்கிலத்துக்கு வந்து முரடன் ஆனது. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் என்ற சொல்லோ ‘ஜென்டில்’ ஆகி, மென்மைக்கும் கண்ணியத்துக்கும் பெயராகிவிட்டது. நம் ஊரிலும் ‘பட்டிக்காட்டான்’ என்பது வசவுதானே.

இந்த வரிசையில் ‘சர்லி’ ஒன்றுதான் என் மனதைத் தொடுகிறது. மற்ற சொற்களில் மேலே இருந்தவர்கள் கீழே பார்த்துப் பெயர் வைத்தார்கள். ‘சர்லி’யில், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் மேலே பார்த்து, “இதுதான் உங்கள் பிரபுத்தனம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் சொல் அது.

ஓர் உபரிச் செய்தி: சார்லஸ் என்ற பெயர் அந்தக் குடியானவச் சொல்லின் நெருங்கிய உறவு. ஜெர்மானிய மொழிகளில் ‘மனிதன்’, ‘சுதந்திரக் குடிமகன்’ என்று பொருள்பட்ட சொல் ஒரு பக்கம் கார்ல், சார்லஸ் என்று அரசர்களின் பெயரானது, இன்னொரு பக்கம் வசவானது.

‘சல்லன்’, ‘மொரோஸ்’, ‘க்ரஃப்’, ‘டெஸ்டி’: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

‘சல்லன்’ என்பதன் வேர் லத்தீனில் ‘தனியாக’ என்று பொருள்படும் ‘சோலுஸ்’. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவது. அவரிடம் நாம் போனால்தான் தெரியும். சர்லியான ஆள், நமக்கு வேலை ஆக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர். 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் பதினான்கு வரிப் பாடல்களில் 71ஆவதில், தன் சாவு மணிக்கு ‘சர்லி’, ‘சல்லன்’ இரண்டையும் அடுத்தடுத்து அடைமொழியாகப் போடுகிறார். கடுமையும் தனிமையும் ஒரே மணியோசையில்.

‘மொரோஸ்’ மனம் இருண்டு கிடப்பது. ‘க்ரஃப்’ குரலிலும் நடத்தையிலும் கரடுமுரடு. உள்ளே நல்ல மனசாக இருக்கலாம், பலாப்பழம் மாதிரி. நம் தாத்தாக்களில் பலர் ‘க்ரஃப்’தான், ‘சர்லி’ இல்லை.

‘டெஸ்டி’ தொட்டதற்கெல்லாம் வெடுக்கென்று விழுவது. அதன் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. பழைய பிரெஞ்சில் ‘தெஸ்த்’ என்றால் தலை. தலைக்கனம் பிடித்தவன், பிடிவாதக்காரன் என்பதிலிருந்து ‘டெஸ்டி’. அந்தத் ‘தெஸ்த்’ வந்ததோ மண்பாண்டத்தைக் குறித்த லத்தீன் ‘தெஸ்தா’விலிருந்து. யாரோ பேச்சுவழக்கில் தலையைச் ‘சட்டி’ என்று சொல்லப்போய், கடைசியில் அதுவே தலைக்குப் பெயராகிவிட்டது. நம் ‘மண்டை’யும் அப்படித்தான் இரண்டு பொருளிலும் நிற்கிறது. புறநானூறு 235ஆம் பாடலில், அதியமான் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் அகன்ற மண்டையையும் துளைத்தது என்று ஔவையார் அழும்போது, அந்த மண்டை அவர்கள் கையில் ஏந்திய பாத்திரம். இன்று ‘மண்டைக்கனம்’ என்று சொல்லும்போது அது தலை. இரண்டு மொழிக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மனிதருக்குத் தோன்றுவது ஒன்றாகத் தோன்றியிருக்கிறது.

கெட்ட குணத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

பல சொற்கள் பழைய மருத்துவத்திலிருந்து வந்தவை. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம் என்று உடம்பில் நான்கு நீர்கள். அவை சரியான அளவில் கலந்திருந்தால் நலம் என்று கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். பித்தம் கூடினால் எரிந்து விழுவார்: ‘கொலரிக்’. கருப்புப் பித்தம் கூடினால் ‘மெலன்கலி’. மண்ணீரலைக் குறை சொல்லி ‘ஸ்ப்ளெனெடிக்’. “பித்தம் தலைக்கேறிடுச்சா?” என்று கேட்கும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

‘டெம்பர்’ என்ற சொல்லே லத்தீனில் ‘சரியாகக் கலப்பது’தான். அதனால்தான் கோபம் வரும்போது டெம்பரை ‘இழப்பதாக’ ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். இழப்பது அந்தச் சமநிலையை. நாம் பேச்சில் “டெம்பர் ஆயிட்டான்” என்கிறோம். ஆங்கிலத்திலும் பின்னாளில் ‘டெம்பர்’ என்று தனியாகச் சொன்னாலே கோபம் என்றாகிவிட்டது.

இந்தச் சொற்கள் எல்லாம் குற்றத்தை உடம்பின் மேல் போடுகின்றன. ‘சர்லி’ அப்படிச் செய்வதில்லை.

‘சர்லி பாண்ட்ஸ் ஆஃப் எர்த்’ என்று அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்களே, அது என்ன?

ஜான் கில்லஸ்பி மகீ என்ற 19 வயது விமானி எழுதிய ‘ஹை ஃப்ளைட்’ கவிதையின் முதல் வரியிலிருந்து வருவது. கனடிய விமானப் படையில் சேர்ந்து இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டியவர். 1941இல் அந்தக் கவிதையை எழுதினார்; அதே ஆண்டு டிசம்பரில் வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதி இறந்துபோனார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் உயிரிழந்தபோது, அன்று மாலை அமெரிக்க அதிபர் ரேகன் நிகழ்த்திய தொலைக்காட்சி உரை இந்தக் கவிதை வரிகளில்தான் முடிந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த சொற்றொடர் ஆகிவிட்டது.

‘பாண்ட்ஸ்’ என்றால் தளைகள். பூமியின் பிடிக்கு ஏன் ‘சர்லி’? மேலே எழ விடாமல், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவல்காரனைப் போலப் பூமியை அந்தப் பையன் பார்த்திருக்கிறான் என்றுதான் நான் படிக்கிறேன். ‘சிடுசிடுப்பான தளைகள்’ என்றால் தமிழில் நிற்காது. ‘பூமியின் இரக்கமற்ற தளைகள்’ என்றால் கொஞ்சம் கூடிவிடுகிறது. ‘பூமியின் முரட்டுத் தளைகள்’ என்று ஒரு முறை எழுதினேன். இன்றைக்கும் அதையே வைத்துக்கொள்வேன்.

சரி, தமிழில் எப்படித்தான் பெயர்ப்பது?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள். யார், யாரிடம் என்று பாருங்கள்.

பதிலுக்கு அடைமொழியாக வந்தால் ‘வெடுக்கென்று’ சரியாக உட்காரும். முகத்துக்கு வந்தால் ‘கடுகடுத்த முகம்’, ‘உர்ரென்ற முகம்’. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை நிறையப் போடுவார்கள். அங்கே துரைத்தனத்தின் வாடையே கிடையாது. “எதைக் கேட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘ம்’ என்றான்” என்று எழுதினால் போதும். எப்போதுமே இந்தக் குணம் உள்ளவரானால் ‘சிடுமூஞ்சி’, ‘முசுடு’. ‘முசுடு’ நல்ல சொல், குறைவாகப் பயன்படுத்துகிறோம். ஹோட்டல் சர்வருக்கு வந்தால் அடைமொழியையே தூக்கிவிட்டு, தண்ணீர் டம்ளரை ‘டொக்’கென்று வைக்கச் சொல்லுங்கள். வாசகருக்குப் புரிந்துவிடும்.

‘கோபமான’ என்று மட்டும் போடாதீர்கள். ‘கடுப்பான’ என்பதும் வேண்டாம். பேச்சில் அது பெரும்பாலும் நமக்கு வரும் எரிச்சலைச் சொல்கிறது, அடுத்தவர் நம்மை நடத்தும் விதத்தைச் சொல்வதில்லை.

அதிகாரத்தில் இருப்பவரைச் சொல்லும் இடமானால் வள்ளுவர் நமக்காக ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறார்: ‘இன்னா முகத்தான்’. 565ஆவது குறள்,

அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்
பேஎய்கண் டன்னது உடைத்து.

பார்க்கப் போனால் நேரம் கிடைக்காது. கிடைத்துப் பார்த்தால் முகம் சரியில்லை. அப்படிப்பட்டவனிடம் உள்ள பெரிய செல்வம், பேய் கண் வைத்த செல்வம் போன்றது என்கிறார். செல்வமும் பதவியும் உள்ளவன், காத்திருந்து உள்ளே போனவர்களுக்குக் காட்டும் முகம். பழைய ‘சர்லி’யின் இரண்டு பாதியும், பிரபுத்தனமும் கடுகடுப்பும், இந்த ஒரு குறளில் இருக்கின்றன. 386ஆவது குறளில் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறார்: ‘காட்சிக் கெளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்’, அந்த மன்னனின் நாட்டை உலகம் உயர்த்திப் பேசும்.

விலங்குகளுக்கும் இயற்கைக்கும் சொல்லலாமா?

தாராளமாக. நாய்க்கும் கரடிக்கும் சகஜமாகச் சொல்வார்கள். கிட்டே போனால் உறுமுகிற பிராணி. வானத்துக்கும் கடலுக்கும் கவிதையில் வரும். ‘கறுத்து இறுகிய வானம்’ என்று எழுதலாம்.

ஒருவரிடம் நேராகச் சொல்லலாமா?

சொன்னால் வருத்தப்படுவார்கள். பெரும்பாலும் ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிச் சொல்லும் சொல் இது. பணியாளர் பற்றிய புகார்க் கடிதத்தில் எழுதினால் அது கடுமையான குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்ளப்படும். வெறும் மனச்சோர்வில் இருப்பவரை, களைத்துப் போனவரை இப்படிச் சொல்வது நியாயமில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர் சிரிக்கவில்லை என்பதற்காக அவர் ‘சர்லி’ ஆகிவிட மாட்டார். அந்த ஜன்னலுக்குள் இருந்தவருக்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று அம்மா வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். இருந்திருக்கலாம். ஆனால் தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு நொடி போதும் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.

மற்ற வடிவங்கள்?

பெயர்ச்சொல் ‘சர்லினெஸ்’. ஒப்பீட்டில் ‘சர்லியர்’, ‘சர்லியஸ்ட்’. வினையடை ‘சர்லிலி’ என்று இருக்கிறது, நாக்கு புரளாததால் அதிகம் யாரும் சொல்வதில்லை. ‘சர்லியான விதத்தில்’ என்று சுற்றிச் சொல்லிவிடுவார்கள்.

தேர்வில் எதிர்ச்சொல் கேட்டால்?

‘அஃபபிள்’ என்பது மிகப் பொருத்தம்; அணுகிப் பேச எளிதானவர் என்று பொருள், அதாவது வள்ளுவரின் ‘காட்சிக்கு எளியன்’. அது கொடுக்கப்பட்ட நான்கில் இல்லையென்றால் ‘பொலைட்’, ‘சிவில்’, ‘ஜீனியல்’ ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ‘ஹேப்பி’யைத் தொடாதீர்கள். உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்துகொண்டே வெளியே சர்லியாக நடந்துகொள்ள மால்வோலியோவால் முடிந்திருக்கிறது.